நாலு துண்டை யாருக்குக் கொடுத்தாய்?

எதிர்வீட்டுத் தம்பி கோயம்புத்தூரில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நேற்று ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். "அண்ணா, தி வாக்கிங் டெட் கேம், முதல் சீசன், தள்ளுபடியில வந்திருக்கு. வாங்கலாமா? ரூம்மேட் வேண்டாங்கறான். நாம எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில ஒரே முடிவுதானாம், சும்மா ஏமாத்து வேலையாம். யூடியூப்ல யாராச்சும் விளையாடுறதைப் பார்த்தா போதுமாம். நிஜமாண்ணா? என் பழைய லேப்டாப்ல ஓடுமா? எந்தப் பாகத்துல இருந்து ஆரம்பிக்கணும்?"

தம்பி, சுருக்கமான பதில் முதலில். வாங்கு. லேப்டாப்பில் ஓடும். உன் ரூம்மேட் சொன்னதில் முக்கால் பங்கு உண்மை. மீதிக் கால் பங்குதான் இந்த விளையாட்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கதையைக் கொஞ்சம் போட்டு உடைக்காமல் இதை விளக்க முடியாது. ஐந்தாம் பாகத்தின் கடைசியை மட்டும் தொட மாட்டேன். மற்றதும் முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, விளையாடி முடித்ததும் வந்து படி.

கலிபோர்னியாவில் சான் ரஃபேல் என்ற ஊரில் டெல்டேல் கேம்ஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. லூக்காஸ் ஆர்ட்ஸில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் 2004-ல் தொடங்கியது. இந்தக் கதையை அவர்கள் 2012 ஏப்ரலில் ஆரம்பித்து, ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர் என்று ஐந்து பாகங்களாக வெளியிட்டார்கள். வாரப் பத்திரிகையில் தொடர்கதை வருமே, அதே மாதிரி. ஒரு பாகம் முடிந்ததும் அடுத்தது வரும்வரை ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்கும். மூலம் ராபர்ட் கிர்க்மன் எழுதி 2003 முதல் வந்த கருப்பு வெள்ளைக் காமிக்ஸ். டிவி தொடர் பார்த்திருக்கவேண்டிய அவசியம் கிடையாது. விளையாட்டு காமிக்ஸின் உலகத்தில் நடக்கிறது, ஆட்களும் பெரும்பாலும் புதியவர்கள்.

கதை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில். லீ எவரெட் சரித்திரப் பேராசிரியர். மனைவியோடு தொடர்பு வைத்திருந்த அரசியல்வாதியைக் கொன்றதாகத் தீர்ப்பாகி, போலீஸ் காரின் பின் சீட்டில் கைவிலங்கோடு உட்கார்ந்திருக்கிறார். அட்லாண்டாவைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் கார் எதன் மீதோ மோதிப் பள்ளத்தில் உருள்கிறது. கண் விழித்தால் செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். ஓடிப்போய் ஒரு வீட்டுக்குள் புகுந்தால், அங்கே மரத்தின் மேல் கட்டிய குட்டி வீட்டில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஒளிந்திருக்கிறாள். பெயர் க்ளெமன்டைன். அப்பா அம்மா சவன்னா நகரத்துக்குப் போயிருக்கிறார்கள். அவளை விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த நிமிடத்திலிருந்து லீ நீதான்.

சுடுகிற விளையாட்டு என்று நினைத்து உட்காராதே. சுடுவது எப்போதாவதுதான் வரும். நடப்பாய், பேசுவாய், அலமாரியைத் திறந்து பார்ப்பாய். பழைய அட்வென்ச்சர் கேம்களில் புதிருக்கு விடை தெரியாமல் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்வோம், இதில் புதிர்கள் எல்லாம் குழந்தை விளையாட்டு. முதல் பாகத்தில் கார்லி என்று ஒரு பெண் வருவாள், செய்தியாளர். ரேடியோ வேலை செய்யவில்லை என்பாள். தேடிப் பேட்டரி கொண்டுவந்து கொடுத்தால் அதைத் தலைகீழாகப் போட்டு வைத்திருப்பாள். அதைத் திருப்பிப் போடுவதுதான் புதிர். துப்பாக்கி மட்டும் குறி தவறாமல் சுடுவாள். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அந்தப் பேட்டரி சமாதானமாகவில்லை.

இப்போது ரூம்மேட் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு விளையாட்டில் பத்து இடத்தில் "இதுவா அதுவா" என்று கேட்டு, ஒவ்வொன்றும் கதையை நிரந்தரமாகப் பிரித்தால் 1,024 கதைகள் வேண்டும். இருபது இடம் என்றால் 10,48,576. ஒவ்வொன்றுக்கும் வசனம் எழுதி, குரல் கொடுத்து, முகத்தை அசைத்துக் காட்ட எந்தக் கம்பெனியாலும் முடியாது. அதனால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பாதையைப் பிரிப்பார்கள், கொஞ்ச தூரம் தனியாக ஓடவிடுவார்கள், பிறகு ஒரே இடத்தில் சேர்ப்பார்கள். நம் ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகவும் ஊட்டிக்குப் போகலாம், நம் கோத்தகிரி வழியாகவும் போகலாம். அங்கே போனால் பர்லியாறில் மங்குஸ்தான், பக்கத்தில் மலை ரயில், குன்னூர் நெரிசல். இங்கே வந்தால் தேயிலை, மூடுபனி, கட்டபெட்டில் ஒரு டீ. யாருக்கு எந்த வளைவில் குமட்டும் என்பதுகூட வழியைப் பொறுத்தது. "எப்படியும் ஊட்டிதானே, எந்த பஸ் ஏறினால் என்ன" என்று மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் ஒருத்தன் கேட்டால், அவன் இதற்கு முன் மலை ஏறியதில்லை என்று அர்த்தம்.

முதல் பாகத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஹெர்ஷல் என்ற விவசாயியின் பண்ணையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருவன் அவர் மகன் ஷான். இன்னொருவன் கென்னி என்ற மீன்பிடிக்காரனின் சின்னப் பையன் டக். நீ யாரிடம் ஓடினாலும் ஷான் இறப்பான், டக் பிழைப்பான். அதே பாகத்தின் கடைசியில் மருந்துக்கடையில் இன்னொரு இக்கட்டு: கார்லியா, டௌக் என்ற கம்ப்யூட்டர்காரனா? (சிறுவன் பெயரும் இவன் பெயரும் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும். அதனால்தான் ஒருத்தனை டௌக் என்று இழுத்து எழுதுகிறேன்.) பெரும்பாலோர் கார்லியைத்தான் காப்பாற்றினார்கள். நானும்தான், பேட்டரியை மன்னித்து. காப்பாற்றிய ஆள் இரண்டாம் பாகம் முழுக்க உன்னோடு வருவார், பேசுவார். மூன்றாம் பாகத்தில், யாராக இருந்தாலும், ஒரே சாலையோரத்தில் இறந்துபோவார். சாகும் விதம்கூட ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் அந்தச் சாலையோரத்தைத் தாண்டி யாரும் வருவதில்லை. உன் ரூம்மேட் இதைத்தான் ஏமாற்று என்கிறான்.

சரி, கதை நிஜமாகவே பிரிந்தால் என்ன ஆகும் என்றும் அவர்கள் செய்து பார்த்தார்கள். இரண்டாம் சீசனின் முடிவு நீ யாரோடு நிற்கிறாய் என்பதைப் பொறுத்து உண்மையிலேயே வேறு வேறு இடத்தில் போய் முடியும். எல்லோரும் கைதட்டினோம். மூன்றாவது சீசன் வந்தது. அத்தனை முடிவுகளையும் சில நிமிட ஃப்ளாஷ்பேக்கில் சுருட்டி, க்ளெமன்டைனை மறுபடி ஒரே புள்ளியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது அப்போதுதான். முதல் சீசன் தர முடியாததை ஆசை காட்டவில்லை. அது வேறொரு வேலை செய்தது.

அதைச் சொல்ல 2013-க்குப் போகவேண்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது கால்சட்டை. கடைக்குப் பின்னாலேயே வீடு. மின்வெட்டுக் காலம் அது. வீட்டில் டிவி அணைந்ததும் அம்மா, சீரியல் போன கோபத்தில், கடைக்கு வந்து உட்காருவாள், அங்கேதான் இன்வெர்ட்டர் இருந்தது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் மலையில் யார் பிரவுசிங் வரப்போகிறார்கள்? நான் விளையாடுவேன், அவள் மங்கி குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு பார்ப்பாள். ஆங்கிலம் தெரியாது. ஒவ்வொரு வசனத்தையும் நான் தமிழில் சொல்லவேண்டும்.

இங்கேதான் சிக்கல். யாராவது உன்னிடம் கேள்வி கேட்டால் திரையில் நாலு பதில் வரும், கீழே ஒரு பட்டி சுருங்கிக்கொண்டே போகும். சில நொடிகள்தான். அதற்குள் அழுத்தவேண்டும். நான் நாலையும் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பட்டி தீர்ந்துவிடும், லீ வாயைத் திறக்காமல் நிற்பார். எஸ்கேப் அழுத்தினால் ஆட்டம் நிற்கும் என்பது எனக்கு உறைக்கவே இரண்டு நாள் ஆனது. ஆனால் அந்த இரண்டு நாளில் ஒன்று புரிந்தது. பேசாமல் இருப்பதும் இதில் ஒரு பதில். எதிரில் இருப்பவர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார். சில இடத்தில் அதுதான் சரியான பதில். "பேசாம இருந்தது நல்லதாப் போச்சு" என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். அந்தப் பட்டியின் வேலையும் அதுதான். யோசிக்க நேரம் கொடுத்தால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவோம். நொடி எண்ணினால்தான் உள்ளே இருக்கிற ஆள் வெளியே வருவான். யூடியூபில் பார்த்தால் அந்தப் பட்டி வேறு எவனோ ஒருத்தனுடையது.

இரண்டாம் பாகத்தில் ஒரு காட்சி, அதில் மட்டும் பட்டி கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றலாம். மூன்று மாதம் கழிந்துவிட்டது. சாலையோர விடுதி ஒன்றில் வேலி போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். சாப்பாடு தீர்ந்துகொண்டிருக்கிறது. தினமும் பங்கு பிரித்துத் தருகிற லில்லி என்ற பெண், திட்டு வாங்கிச் சலித்துப்போய், "இன்றைக்கு நீ கொடுத்துப் பார்" என்று லீயிடம் விட்டுவிடுகிறாள். கையில் நாலு துண்டு. ஆட்கள் பத்துப் பேர்.

நான் அதை ஒரு கேம் மாதிரித்தான் யோசித்தேன். யாருக்குக் கொடுத்தால் பிற்பாடு உதவுவார்கள்? கென்னிக்கு ஒன்று, நண்பன். லில்லிக்கு ஒன்று, தலைவி. அம்மா கம்பளியை விலக்கிவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அவள் சத்துணவில் சமைத்தவள், இருபது வருஷத்துக்கு மேல். 2009 நவம்பர் மழையில் இந்த மலை சரிந்ததே, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அப்போது வீடு போனவர்களை அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில்தான் தங்கவைத்தார்கள். மேலே வருகிற சாலைகள் ஆங்காங்கே அடைபட்டிருந்தன. அரிசி வருமா வராதா தெரியாது, இருந்ததை வைத்து அவள்தான் கரண்டி பிடித்தாள். அதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லை.

"மொதல்ல குழந்தைங்களுக்கு" என்றாள். க்ளெமன்டைனுக்கு ஒன்று, டக்குக்கு ஒன்று. டக் என்றால் வாத்து என்று நான் சொல்லித் தொலைத்ததால் அவன் அவளுக்குக் கடைசிவரை வாத்துதான். "அப்புறம் வயசானவங்க." வயதானவர் என்றால் ஒருவர்தான், லில்லியின் அப்பா. இருதய நோயாளி, எந்நேரமும் எரிந்து விழுகிறவர், முதல் பாகத்தின் கடைசியில் லீயைக் குத்திச் சாய்த்துவிட்டு ஓடியவர். பெயர் லாரி. "லாரின்னா பேரு வெச்சாங்க?" என்று அம்மா சிரித்தாள். "இந்த ஆளுக்கா? இவன் என்னைச் சாகட்டும்னு விட்டுட்டுப் போனவன்மா" என்றேன். "பந்தியில உக்காந்தவன்கிட்ட பழைய கணக்கா பேசுவே? குடு" என்றாள். நாலாவது துண்டு மார்க் என்பவருக்கு. ஏனென்றால் முன்பு இவர்கள் சாப்பிட்டதே அவர் வைத்திருந்த சரக்கிலிருந்துதான், அதை நான் ஏதோ பேச்சில் சொல்லியிருந்தேன். "சோறு போட்டவனை மறந்துட்டு அப்புறம் யாருக்குக் குடுப்பே?" கென்னிக்கும் இல்லை, லில்லிக்கும் இல்லை. லீக்கு? "சமைச்சவளுக்கும் பரிமாறுனவனுக்கும் கடைசியில இருந்தாத்தான்."

கொடுத்து முடித்த பத்தாவது நிமிடம் இன்வெர்ட்டரும் உயிரை விட்டது.

கரண்ட் வந்ததும் திறந்து பார்த்தால் ஆட்டம் பழைய இடத்துக்குப் போயிருந்தது. மறுபடி கையில் நாலு துண்டு. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இந்த முறை லாரியின் பங்கைக் கென்னிக்குத் தள்ளிவிடலாம் என்று நேராகக் கென்னியிடம் போனேன். அம்மா என் கையை மவுஸோடு சேர்த்துப் பிடித்தாள். "மொத குடுத்தது குடுத்ததுதான். தட்டுல விழுந்ததை எடுப்பியா நீ?" அதே நாலு பேருக்கு, அதே வரிசையில், மறுபடி கொடுத்தோம்.

அன்றைக்கே அந்தப் பாகத்தின் பின்பாதியில், பால் பண்ணை ஒன்றின் குளிர் அறையில், லீயோடு சிலர் அடைபட்டிருக்கும்போது, லாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். மகள் மார்பை அழுத்தி உயிர் கொடுக்கப் பார்க்கிறாள். செத்துவிட்டால் எழுந்து எல்லோரையும் கடிப்பார், அதற்குள் தலையை நசுக்கிவிடலாம் என்கிறான் கென்னி. பட்டி சுருங்குகிறது. எந்தப் பக்கம் நின்றாலும் லாரி பிழைக்க மாட்டார், அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: காலையில் என் கையால் சாப்பிடக் கொடுத்தவர். மகளின் பக்கம் போய் உட்கார்ந்தேன். வேறெதையும் யோசிக்க முடியவில்லை. இதை எந்த எழுத்தாளரும் எனக்காக எழுதிவைக்கவில்லை. லாரிக்குத் துண்டு கொடுக்காமல் அந்த அறைக்குள் போனவர்கள் பார்த்தது வேறு காட்சி, படம் ஒன்றேதான் என்றாலும்.

கென்னி அதை மறக்கவில்லை. உள்ளே நடப்பது பெரிய மாயம் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு தேர்வுக்கும் ஓர் ஆமாம்-இல்லை குறிப்பு எழுதிவைக்கிறது, மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி. கென்னியின் பக்கத்தில் பண்ணையில் டக்கைத் தூக்கினாயா, மருந்துக்கடைச் சண்டையில் யார் பக்கம் பேசினாய், குளிர் அறையில் என்ன செய்தாய் என்று வரிசையாக இருக்கும். நாலாம் பாகத்தின் முடிவில் அவன் உதவி தேவைப்படும்போது நோட்டைப் பிரிக்கிறான். என் ஆட்டத்தில் அவன் வரவில்லை. வேண்டுமானால் உன் ரூம்மேட்டிடம் சொல், அடுத்த பாகத்தில் கொஞ்ச நேரத்திலேயே எப்படியும் எல்லோரும் மறுபடி சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் "வர மாட்டேன்" என்று அவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதும், பக்கத்தில் அம்மா "அந்தப் பெரியவருக்காக இவன் போயிட்டானா" என்று கேட்டதும் நடந்ததுதானே?

இன்னொரு காட்சியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் பாகம் முடிகிற இடம். இருட்டு. காட்டோரம் ஒரு கார், கதவு திறந்து, விளக்கு எரிந்துகொண்டு நிற்கிறது. ஆள் இல்லை. உள்ளே முழுக்கச் சாப்பாடு. எல்லோரும் பாய்கிறார்கள். க்ளெமன்டைன் மட்டும், இது நம்முடையது இல்லையே, அவர்கள் திரும்பி வந்தால் என்கிறாள். நான் எடு என்பதை அழுத்தப் போனேன். பசி, நம் ஆட்கள், வேறு வழி இல்லை, எல்லாக் காரணமும் தயார். அம்மா சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் புள்ள பாக்குதுடா."

இதுதான் அந்தக் கால் பங்கு, தம்பி. லீ செய்வதை எல்லாம் ஒரு குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கிறது. திரையின் மூலையில் "க்ளெமன்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்" என்று வரும். பல தடவை அதனால் கதையில் எதுவும் நடக்காது, வெறும் பயமுறுத்தல். அமைப்புகளில் அதை நிறுத்திவிடலாம், நிறுத்திவிட்டே ஆடு. ஏனென்றால் அந்த வரி இல்லாவிட்டாலும் அவள் முகம் திரும்புவது தெரியும். காரில் இருந்து நீ எடுக்க மறுத்தாலும் மற்றவர்கள் எடுக்கத்தான் செய்வார்கள். பிற்பாடு ஒருவர் அந்தக் காரைப் பற்றிக் கேட்க வருவதும் மாறாது. அவர் கேட்கும்போது உன் வாயில் என்ன பதில் இருக்கும் என்பது மட்டும் மாறும். நான் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்கவேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை.

ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் ஒரு பட்டியல் வரும், நீ தேர்ந்ததை எத்தனை சதவீதம் பேர் தேர்ந்தார்கள் என்று. பரீட்சை ரிசல்ட் பார்ப்பது மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருப்போம். கூட்டத்தோடு இருந்தால் ஒரு நிம்மதி, இல்லாவிட்டால் ஒரு வீம்பு. சின்ன விஷயம், ஆனால் நன்றாகப் பிடிக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆட்கள் நடப்பது கட்டை மாதிரி இருக்கும். சண்டை என்ற பெயரில் ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். நாலாம் பாகம் கொஞ்சம் வழவழவென்று போகும். இரண்டாவது தடவை விளையாடினால் தையல் தெரிந்துவிடும், அதனால் இரண்டாவது தடவை விளையாடாதே. ஆனால் குரல்கள் இருக்கிறதே, லீக்கு டேவ் ஃபெனாய், க்ளெமன்டைனுக்கு மெலிசா ஹட்சிசன், அவர்கள் இல்லாமல் இது இல்லை. வசனம் ஒரு வார்த்தைகூடப் புரியாத அம்மா அந்தச் சிறுமியின் குரலை வைத்தே "பயந்திருக்குது", "பொய் சொல்லுது" என்று சரியாகச் சொல்வாள். 2013-ல் பிரிட்டனின் பாஃப்டா, கதைக்கான விருதை இதற்குத்தான் கொடுத்தது.

இனி உன் மற்ற கேள்விகள். முதல் சீசன் பழைய விளையாட்டு. சர்வீஸுக்கு வருகிற அரதப் பழசான லேப்டாப்பிலேயே ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் தரத்தைக் குறைத்துவைத்துக்கொள். ஒரு பாகம் சுமார் இரண்டு மணி நேரம். 2019-ல் எல்லா சீசன்களையும் சேர்த்து டெஃபினிட்டிவ் சீரிஸ் என்று 23 பாகங்களாக வெளியிட்டார்கள். காமிக்ஸ் போலக் கருமையை அழுத்தமாகப் போட்டிருப்பதால் பார்க்க அழகு, ஆனால் மெஷினுக்குக் கொஞ்சம் கனம். உனக்குத் தனி முதல் சீசனே போதும். தமிழ் கிடையாது, ஆங்கில எழுத்து கீழே ஓடும்படி வைத்துக்கொள். ரத்தமும் கெட்ட வார்த்தையும் தாராளம், உன் தங்கை அறையில் இருக்கும்போது போடாதே.

வரிசை எளிது. முதல் சீசன், அதன் பின் 400 டேஸ் என்ற சின்னத் துணைக்கதை, பிறகு இரண்டாம் சீசன். மூன்றாவதை நான் மேலே திட்டியது போதும், மனம் இருந்தால் ஆடு. கடைசி சீசனை விடாதே. அது வெளிவந்துகொண்டிருந்த 2018 செப்டம்பரில் டெல்டேல் மூடப்பட்டது. ஏறத்தாழ 250 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. நாலு பாகத்தில் ஒன்றுதான் வந்திருந்தது, இரண்டாவது சில நாளில் வந்தது. கிர்க்மனின் ஸ்கைபவுண்ட் நிறுவனம் எடுத்து, 2019 மார்ச்சில் முடித்துக்கொடுத்தது. அதில் க்ளெமன்டைன் வளர்ந்துவிட்டாள். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இப்போது ஒரு சின்னப் பையன் கூடவே இருக்கிறான். லீயாக நீ ரயிலில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவற்றை அவள் அவனுக்குச் சொல்வதைக் கேட்கும்போது மறுபடி அந்த இன்வெர்ட்டர் சத்தம் காதில் கேட்டது எனக்கு.

அதை அம்மாவிடம் சொன்னேன், புள்ள பெரியவளாயிடுச்சு, தம்பி மாதிரி ஒருத்தனை வளர்க்குது என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்: "சோறாக்கத் தெரியுமா அதுக்கு?"

இரண்டே நிபந்தனை. உன் ரூம்மேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடு, ஆனால் மவுஸ் உன் கையிலேயே இருக்கட்டும். கரண்ட் போய் வந்தாலும் சரி, பிடிக்காதது நடந்தாலும் சரி, பின்னால் போய் மாற்றி ஆடாதே. பொங்கலுக்கு ஊருக்கு வருவாய் அல்லவா, அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். நாலு துண்டை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்பாள். பதிலை யோசித்துக்கொண்டு வா, அவளிடம் பட்டி இன்னும் வேகமாகச் சுருங்கும்.